மேலாளர் சம்பளமும் கடை மூடும் நேரமும்

உங்களுக்கு வயது 31. திருச்சியில் ஒரு விநியோகஸ்தர் அலுவலகத்தில் சரக்கிருப்பும் கணக்கும் பார்க்கிறீர்கள். மாதம் 32,000 ரூபாய் கைக்கு வருகிறது, காலை ஒன்பதரைக்குப் போனால் மாலை ஆறரைக்கு எழுந்துவிடலாம், ஞாயிறு விடுமுறை. இப்போது ஒரு சூப்பர் மார்க்கெட் குழுமம் அதே ஊரிலுள்ள தன் கிளைக்கு உங்களை மேலாளராக வரச்சொல்லி, ஆண்டுக்கு 7,20,000 ரூபாய் என்று கடிதம் கொடுத்திருக்கிறது. வீட்டில் மூன்று வயதுப் பெண் குழந்தை. சம்பளம் ஏறக்குறைய இரட்டிப்பாகிறது, ஆனால் அந்த வேலைக்குப் போனால் வீட்டை மறந்துவிட வேண்டியதுதான் என்று எல்லோரும் பயமுறுத்துகிறார்கள், போகலாமா வேண்டாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் இந்தத் தொழிலில் 22 ஆண்டுகள் இருந்தவன். ஜவுளிக்கடையில் தளப் பொறுப்பாளராகத் தொடங்கி, இரண்டு சூப்பர் மார்க்கெட் குழுமங்களில் கிளை மேலாளராக இருந்து, கடைசி ஆறு ஆண்டுகள் 11 கடைகளுக்கு ஏரியா மேனேஜராக ஓடிவிட்டு, மூன்று ஆண்டுகளுக்கு முன் விலகினேன். உங்களைப் போலவே பலர் சம்பளத்தை ஒரு தட்டிலும் நேரத்தை இன்னொரு தட்டிலும் வைத்து நிறுத்துப் பார்க்கிறார்கள். சம்பளமாவது கடிதத்தில் எழுதியிருக்கிறது. நேரம் எங்கும் எழுதப்படவில்லை. அந்தக் கடையில் எத்தனை பேர் வேலை செய்கிறார்கள் என்பதுதான் அதை முடிவு செய்கிறது. ஆகவே சம்பளத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் ஆள் எண்ணிக்கையைக் கேட்க வேண்டும் என்பது என் கருத்து. அதை விளக்கத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதலில் அந்த 7,20,000-ஐப் பிரித்துப் பார்ப்போம். சிடிசி என்று சொல்லப்படும் தொகை நிறுவனத்துக்கு உங்களால் ஆகும் மொத்தச் செலவு. அது முழுதும் உங்கள் கைக்கு வராது. இந்தத் தொழிலில் மேலாளர் பதவிக்குப் பெரும்பாலும் ஒரு பங்கை இலக்கைப் பொறுத்த ஊக்கத்தொகையாக வைத்துவிடுவார்கள். உங்கள் கடிதத்தில் அது 15 விழுக்காடு என்று எழுதியிருக்கிறீர்கள். ஆக 1,08,000 ரூபாய் இப்போதைக்குக் காகிதத்தில் மட்டும் இருக்கிறது. மீதி 6,12,000, மாதத்துக்கு 51,000. அதிலிருந்து நிறுவனம் செலுத்தும் வருங்கால வைப்பு நிதிப் பங்கு, 15,000 ரூபாய் சம்பள உச்சவரம்பின்படி, 1,800 போகும். பணிக்கொடை என்று ஏறத்தாழ 1,150 பிடித்துக் காட்டியிருப்பார்கள். அந்தப் பணிக்கொடையைப் பார்க்க வழக்கமாக ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து வேலையில் இருக்க வேண்டும். நான் பார்த்த கிளை மேலாளர்களில் பாதிப் பேர்கூட ஒரே நிறுவனத்தில் அவ்வளவு நாள் இருந்ததில்லை. மிச்சம் 48,050. அதில் உங்கள் பங்கு வைப்பு நிதி 1,800, தொழில் வரி மாதக் கணக்கில் 208 கழித்தால், கைக்கு வருவது ஏறத்தாழ 46,000. வருமான வரி இந்தத் தொகைக்குப் புதிய முறையில் வராது. ஆகச் சம்பளம் இரட்டிப்பாகவில்லை. மாதம் 14,000 ரூபாய் கூடுகிறது. அதுவும் சிறிய தொகை இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

இனி நேரத்துக்கு வருவோம். இப்போது சாப்பாட்டு இடைவேளை போக நாளைக்கு எட்டு மணி நேரம், மாதம் 26 நாள் என்றால் 208 மணி நேரம். ஒரு மணி நேரத்துக்கு 154 ரூபாய் கிடைக்கிறது. புதிய வேலையில், அழைப்புக் கடிதத்தில் ஒன்பது மணி நேரம் என்று போட்டிருந்தாலும், ஆள் பற்றாத ஒரு கடையில் மேலாளர் சராசரியாகப் பதினொன்றரை மணி நேரம் நிற்பார். 26 நாளுக்கு 299 மணி நேரம். மாதத்தில் ஓர் இரவு இருப்புக் கணக்கெடுப்பு என்று ஆறு மணி நேரம் சேர்த்தால் 305. இப்போது 46,000-ஐ வகுத்தால் மணிக்கு 151 ரூபாய்தான் வருகிறது. பதவி உயர்ந்து, பொறுப்பு உயர்ந்து, ஒரு மணி நேரத்தின் விலை மூன்று ரூபாய் குறைந்திருக்கிறது.

இந்தக் கணக்கைப் பார்த்தவுடனே வேண்டாம் என்று முடிவு செய்துவிடாதீர்கள். வீட்டு வாடகையும் குழந்தையின் பள்ளிக் கட்டணமும் மணிக்கணக்கில் கேட்கப்படுவதில்லை; மாதம் 14,000 கூடுதலாக வந்தால் அது ஆண்டுக்கு 1,68,000. உங்கள் இப்போதைய அலுவலகத்தில் மாலை ஆறரைக்குப் பிறகு கிடைக்கும் நேரத்தை விற்று அந்தத் தொகையைச் சம்பாதிக்க வேறு வழி உங்களிடம் இல்லை என்றால், மணிக்கணக்கு வெறும் ஏட்டுக் கணக்காகவே நின்றுவிடும். ஆனால் அதே கணக்கை இன்னொரு விதமாகவும் போடலாம். ஆள் முழுதாக உள்ள ஒரு கடையில் மேலாளரால் பத்து மணி நேரத்தில் கிளம்பிவிட முடியும். அப்படியானால் மாதம் 260 மணி நேரம். மணிக்கு 177 ரூபாய். பற்றாக்குறைக் கடையில் நின்றுகொண்டு இதே விலையைப் பெற வேண்டுமென்றால் உங்கள் கைக்கு 54,000 வர வேண்டும். மனிதவளத் துறையிடம் பேரம் பேசி மாதம் 8,000 ரூபாய் கூட்டி வாங்குவது மிகக் கடினம். சரியான கடையைக் கேட்டு வாங்குவது அவ்வளவு கடினம் இல்லை. கேட்க வேண்டும் என்று தெரியாததால்தான் யாரும் கேட்பதில்லை.

ஆள் கணக்கு எப்படி வேலை செய்கிறது என்பதைச் சொல்கிறேன். ஒரு கடைக்கு 24 பேர் அனுமதி என்று வைத்துக்கொள்ளுங்கள். எல்லோருக்கும் வாரம் ஒரு நாள் விடுமுறை என்பதால் தினமும் மூன்று அல்லது நான்கு பேர் இருக்க மாட்டார்கள். உடம்பு சரியில்லை, ஊருக்குப் போயிருக்கிறார் என்று இன்னும் இரண்டு பேர். ஆகக் கடையில் நிற்பவர்கள் 18 பேர். அந்த 18 பேரை வைத்துத்தான் காலை, மாலை என இரண்டு முறைகளையும் ஓட்ட வேண்டும் என்று தலைமை அலுவலகமும் கணக்குப் போட்டிருக்கும். ஆனால் பெரும்பாலான கடைகளில் வருகைப் பதிவேட்டில் 24 பேர் இருக்க மாட்டார்கள். 18 பேர் இருப்பார்கள். அதில் விடுமுறையும் வராதவர்களும் போக, நிற்பது 13 பேர், ஒரு முறைக்கு ஆறேழு பேர்தான். பில்லிங் கவுண்டரில் மூவர், காய்கறியில் இருவர், வாசலில் பை வாங்கி வைக்க ஒருவர், கிடங்கில் லாரி இறக்க இருவர் என்று பிரித்தால், அலமாரிக்குச் சரக்கு எடுத்துவைக்க ஆளே மிஞ்சாது. இந்தப் பள்ளத்தை நிரப்ப இருக்கும் ஒரே மண், மாதச் சம்பளம் வாங்கும், கூடுதல் நேரத்துக்குக் காசு கேட்க முடியாத மேலாளர்தான்.

ஏன் 24 பேரை எடுக்கவில்லை என்று நீங்கள் கேட்கலாம். ஆள் கிடைப்பதில்லை என்பது பாதி உண்மை. நாள் முழுக்க நின்றுகொண்டு செய்யும் வேலை, கையில் வரும் சம்பளம் சொற்பம், அடுத்த தெருக் கடையில் 500 ரூபாய் கூடக் கொடுத்தால் போய்விடுவார்கள். மறுபாதியை நான் சொல்கிறேன், ஏனென்றால் நானே அதைச் செய்திருக்கிறேன். ஏரியா மேனேஜருடைய ஊக்கத்தொகை விற்பனையை மட்டும் பொறுத்ததல்ல. விற்பனையில் இத்தனை விழுக்காட்டுக்குள் சம்பளச் செலவு நிற்க வேண்டும் என்றும் அதில் ஒரு வரி இருக்கும். நான் வேலை பார்த்த ஒரு நிறுவனத்தில், காலியிடங்களை நிரப்பாமல் இழுத்தடித்தால் அந்த விழுக்காடு தானாகவே அழகாகிவிடும். 11 கடைகளில் கடைக்கு மூன்று பேர் குறைவாக வைத்து இரண்டு காலாண்டுகள் ஓட்டி, அதற்காக நான் பாராட்டுக் கடிதமும் வாங்கியிருக்கிறேன். அந்த ஆறு மாதத்தில் என் கீழிருந்த நான்கு கிளை மேலாளர்கள் விலகினார்கள். அப்போது அவர்களுக்குப் பொறுமை போதவில்லை என்றுதான் நான் அறிக்கை எழுதினேன்.

கடை மூடும் நேரத்தை அருகில் இருந்து பார்த்தால்தான் இது புரியும். இரவு 9:30 மணிக்குக் கடை அடைப்பு என்று பலகை சொல்லும். 9:28-க்கு ஒரு குடும்பம் உள்ளே வரும். அவர்களைத் திருப்பி அனுப்ப எந்த மேலாளருக்கும் மனம் வராது, அன்றைய இலக்குக்கு 4,000 ரூபாய் குறைகிறது என்று அவருக்குத் தெரியும். ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு அவர்களுடைய பில் முடியும்போது 9:50. அதன் பிறகு ஒவ்வொரு கல்லாவாக எண்ண வேண்டும். மூன்றாவது கவுண்டரில் ரொக்கம் 500 ரூபாய் குறையும். அந்தப் பெண் கண் கலங்கி நிற்பாள். கடைசியில் யாரோ கைப்பேசி வழியாகச் செலுத்திய பில்லை ரொக்கம் என்று அழுத்தியிருப்பது தெரியும். அதைக் கண்டுபிடிக்க 20 நிமிடம். அழுகிய தக்காளியை எடைபோட்டுக் கழிவு என்று பதிய வேண்டும், இல்லையென்றால் அது நாளைக்குத் திருட்டு என்ற கணக்கில் ஏறும். உறைபெட்டியின் வெப்பநிலையைக் குறிக்க வேண்டும். பெண்களை இரவு எட்டு மணிக்கு மேல் நிறுத்துவதானால் எழுத்துப்பூர்வ சம்மதமும் தக்க பாதுகாப்பும் வேண்டும் என்பது அரசு விதித்த நிபந்தனை. ஆகவே அவர்களை அனுப்ப ஆட்டோ வந்ததா என்று பார்க்க வேண்டும். நாள் முடிவு அறிக்கையைக் கணினியில் ஓட்டிவிட்டுச் சாவியைத் திருகும்போது மணி 10:45 ஆகியிருக்கும். மறுநாள் காலை ஆறு மணிக்குப் பால் வண்டி வரும்போது கடையைத் திறக்கும் ஆளும், சாவி உங்களிடம் மட்டும்தான் இருக்கிறது என்றால், நீங்களேதான். சாவி எத்தனை பேரிடம் இருக்கிறது என்பதை நேர்காணலில் கேளுங்கள். சிரிப்பார்கள், ஆனால் பதில் சொல்வார்கள்.

சட்டம் இதில் உதவாதா என்ற கேள்வியும் வரும். 1947-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் ஊழியருக்கு நாளைக்கு எட்டு மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று வரம்பு வைத்திருக்கிறது; கூடுதல் நேரம் சேர்த்தாலும் நாளைக்குப் பத்து, வாரத்துக்கு 54-ஐத் தாண்டக் கூடாது; கூடுதல் நேரத்துக்கு இரட்டைச் சம்பளம். 2021-இல் இதே சட்டத்தைத் திருத்தி, கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்றும் சேர்த்தார்கள். அதற்குக் கேரளம் முன்னோடி. ஆனால் இந்தச் சட்டத்தின் நான்காம் பிரிவு, நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர்களுக்கு இவை பொருந்தா என்று விலக்கிவிடுகிறது. மேலாளர் என்ற சொல் உங்கள் அடையாள அட்டையில் ஏறுகிற அன்றே, உங்கள் காசாளருக்கு இருக்கும் எட்டு மணி நேரப் பாதுகாப்பு உங்களுக்கு இல்லாமல் போகிறது. சம்பளம் கூடுவதில் ஒரு பகுதி இந்த இழப்புக்கான விலை என்றே கொள்ள வேண்டும். இதற்கிடையே, பத்து அல்லது அதற்கு மேற்பட்டோர் வேலை செய்யும் கடைகள் ஆண்டின் எல்லா நாளும் 24 மணி நேரமும் திறந்திருக்கலாம் என்று 2019-இல் தமிழ்நாடு அரசு அனுமதித்து, 2022-இல் அதை நீட்டித்தது. திருச்சியில் நள்ளிரவில் மளிகை வாங்க யாரும் வரப்போவதில்லை. இருந்தாலும் முன்பெல்லாம் சட்டத்தைக் காட்டிக் கடையை அடைத்த நேரம் இப்போது வியாபாரத்தைப் பார்த்து முடிவாகிறது.

பெயரளவில் மேலாளர், உண்மையில் நாள் முழுதும் பில் போடுவதும் மூட்டை தூக்குவதும் என்றால் அவர் தொழிலாளிதான் என்று வாதாட இடமுண்டு. பதவிப் பெயரைப் பார்க்காமல், ஒருவர் செய்யும் முதன்மையான வேலை எது என்பதைப் பார்க்க வேண்டும் என்று தொழில் தகராறு வழக்குகளில் நீதிமன்றங்கள் பலமுறை சொல்லியிருக்கின்றன. ஆனால் அது வேலை போன பிறகு பயன்படும் வாதம். வேலையில் இருக்கும்போது இரவு எட்டு மணிக்கு வீட்டுக்குப் போக அது உதவாது.

ஊக்கத்தொகையைப் பற்றி இரண்டு செய்திகளைத் தெரிந்துகொள்ளுங்கள். இலக்கு என்பது போன ஆண்டு இதே மாத விற்பனையில் இத்தனை விழுக்காடு கூட்டி வைக்கப்படும். ஆகவே நீங்கள் ஒரு தீபாவளியில் உயிரைக் கொடுத்து விற்றால், அடுத்த தீபாவளிக்கு அந்த எண்ணே உங்கள் தரையாகிவிடும். இரண்டாவது, ஷார்ட்டேஜ். கணக்கில் இருந்து அலமாரியில் இல்லாத சரக்கு ஒரு வரம்பைத் தாண்டினால் அந்தக் காலாண்டு ஊக்கத்தொகை முழுதும் போய்விடும் என்பது பல நிறுவனங்களில் உள்ள விதி. நீங்கள் சேரும் நாளில் அந்தக் கடையில் எவ்வளவு குறை ஏற்கெனவே இருக்கிறது என்பது உங்களுக்குத் தெரியாது. ஆகவே பொறுப்பேற்கும் அன்று முழு இருப்புக் கணக்கெடுப்பு நடத்தி, முந்தைய மேலாளர், நீங்கள், தணிக்கையாளர் மூவரும் கையெழுத்திட்ட தாள் ஒன்று உங்கள் கையில் இருக்க வேண்டும். அது இல்லாமல் சாவியை வாங்கி, முன்னவருடைய ஒன்றரை லட்சம் ரூபாய்க் குறையைச் சுமந்து, முதல் ஆறு மாதம் ஒரு பைசா ஊக்கத்தொகை காணாத ஒருவரை எனக்குத் தெரியும். அவருக்குச் சாவி கொடுத்தவன் நான்.

மொத்தம் எத்தனை மணி நேரம் என்பதைவிட அவை எந்த மணி நேரங்கள் என்பது வீட்டை அதிகம் பாதிக்கும். மளிகைக் கடையின் கூட்டம் மாதத்தின் முதல் வாரத்திலும், சனி ஞாயிறிலும், பண்டிகைக்கு முந்தைய பத்து நாளிலும் வரும். ஊருக்கெல்லாம் ஓய்வாக இருக்கும் நேரத்தில்தான் உங்களுக்கு வேலை. வார விடுமுறை செவ்வாயிலோ புதனிலோ விழும். எனக்குப் பதினான்கு ஆண்டுகள் செவ்வாய்க்கிழமை. நம் ஊரில் செவ்வாய்க்கிழமை யாரும் கல்யாணம் வைப்பதில்லை, கிரகப்பிரவேசம் வைப்பதில்லை, பெண் பார்க்கப் போவதில்லை. அந்தப் பதினான்கு ஆண்டுகளில் உறவில் நடந்த எந்த நல்ல காரியத்துக்கும் நான் முழு நாள் இருந்ததில்லை. என் மனைவி மொய்க் கவரைத் தனியாக எடுத்துக்கொண்டு போய் வந்தார். ஜவுளிக்கடையில் இருந்த காலம் இன்னும் மோசம். தீபாவளிக்கு முந்தின இரவு கடையை மூட இரண்டு மணி ஆகும். வீட்டுக்கு வந்து மணையில் உட்கார்ந்தபடியே தூங்கிவிடுவேன். தலையில் எண்ணெய் வைக்கும்போது அம்மா ஒரு கையால் என் தாடையைப் பிடித்துக்கொள்வார், இல்லையென்றால் சாய்ந்து விழுந்துவிடுவேன். மாலையில் திரும்பவும் கடை. இதை வருத்தமாகச் சொல்லவில்லை, அந்த வயதில் அது எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. ஆனால் உங்கள் மனைவியிடம் ‘ரொம்ப நேரம் ஆகும்’ என்று பொதுவாகச் சொல்லாமல், ஞாயிற்றுக்கிழமை இருக்க மாட்டேன், தீபாவளிக்கு முந்தின வாரம் இருக்க மாட்டேன், ஆடித் தள்ளுபடி மாதத்தில் இருக்க மாட்டேன் என்று நாள் சொல்லிப் பேசுங்கள். மூன்று வயதுக் குழந்தை இரவு எட்டரைக்குத் தூங்கும் என்றால், வாரத்தில் ஆறு நாள் நீங்கள் அவளைத் தூங்கும்போதுதான் பார்ப்பீர்கள். ஆனால் காலை ஒன்பது வரை அவளோடு இருக்கும் வாய்ப்பு, மாலை முறைக்கு வரும் நாட்களில், இப்போதைய வேலையைவிடக் கூடக் கிடைக்கலாம். அதையும் பேச்சில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சம்பளம் சந்தையைவிட மிக அதிகமாக இருந்தால் அதற்கும் காரணம் தேட வேண்டும். 1997-இல் சென்னை திருவான்மியூரில் ஒரே கடையாகத் தொடங்கிய சுபிக்‌ஷா, பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் நாடு முழுதும் ஏறத்தாழ 1,600 கடைகள் என்று விரிந்தது. கையில் பணம் தீர்ந்து 2009-இல் அத்தனையும் மூடப்பட்டன, ஊழியர்களுக்குச் சம்பளம் நின்றது. வேகமாகக் கடை திறக்கும் நிறுவனம் மேலாளர்களைத் தேடி நல்ல விலை கொடுக்கும். ஆனால் மாதக் கடைசியில் அந்த விலையைக் கொடுக்கும் சக்தி அதற்கு இருக்கிறதா என்பது வேறு கேள்வி. அதைத் தெரிந்துகொள்ள ஆண்டறிக்கை படிக்க வேண்டாம். கடைக்கு எண்ணெயும் பிஸ்கட்டும் போடும் விநியோகஸ்தர்களுக்குப் பணம் எத்தனை நாளில் வருகிறது என்று விசாரியுங்கள். நீங்கள் இருப்பதே விநியோகஸ்தர் அலுவலகம். இந்தச் செய்தி உங்கள் மேசைக்கே வரும், இன்னொருவருக்குக் கிடைக்காத வசதி இது. 21 நாளில் வந்துகொண்டிருந்த பணம் 50 நாளுக்குப் போயிருந்தால், சம்பளமும் ஒரு நாள் அந்த வரிசையில் நிற்கும்.

இனி என் முடிவு. உங்கள் இடத்தில் நான் இருந்தால், அந்தக் கடைக்கு வாடிக்கையாளராக இரண்டு முறை போவேன்: மாதத்தின் முதல் சனிக்கிழமை இரவு ஏழரைக்கு ஒரு முறை, சாதாரண நாள் இரவு பத்து மணிக்கு வெளியே நின்று ஒரு முறை. முதல் முறை, இருக்கும் கவுண்டர்களில் எத்தனை திறந்திருக்கின்றன, மேலாளர் எங்கே நிற்கிறார் என்று பார்ப்பேன். மேலாளரே உட்கார்ந்து பில் போட்டுக்கொண்டிருந்தால் எனக்கு விடை கிடைத்துவிட்டது. இரண்டாவது முறை, ஷட்டர் எத்தனை மணிக்கு இறங்குகிறது, கடைசியாக யார் வெளியே வருகிறார் என்று பார்ப்பேன். பிறகு நேர்காணல் செய்தவரிடம், அனுமதிக்கப்பட்ட ஆள் எத்தனை, இன்று பதிவேட்டில் எத்தனை, முந்தைய மேலாளர் எத்தனை மாதம் இருந்தார், துணை மேலாளர் இருக்கிறாரா, அவரிடம் சாவி உண்டா என்று கேட்பேன். 24-க்கு 21 அல்லது 22 பேர் இருந்து, சாவி வைத்திருக்கும் துணை மேலாளரும் இருந்தால், 46,000-க்கு இந்த வேலையை ஏற்றுக்கொள்ளலாம் என்றே சொல்வேன். துணை மேலாளர் பதவி காலி, சீக்கிரம் போட்டுவிடுவோம் என்றால் 60,000 கொடுத்தாலும் யோசிப்பேன். அந்தச் சீக்கிரம் எத்தனை மாதம் என்பது, அதைச் சொல்லும் நாற்காலியில் இருந்தவன் என்ற முறையில், எனக்குத் தெரியும்.

போவதானால் மூன்று ஆண்டுகள் என்று மனத்துக்குள் ஒரு கெடு வைத்துக்கொள்ளுங்கள். பத்துக் கடைக்கு ஓர் ஏரியா மேனேஜர் என்பதால் மேலே போகும் படி மிகக் குறுகலானது. ஒன்பது பேர் அதே கடையிலேயே வயதாவார்கள். நின்று நின்று கால் நரம்பு சுருண்டுகொள்வது நாற்பதுக்கு மேல்தான் தெரியவரும். ஆனால் மூன்று ஆண்டுகள் ஒரு கடையை லாபத்தில் ஓட்டியவருக்கு, சோப்பு, பிஸ்கட் நிறுவனங்களில் சூப்பர் மார்க்கெட் கணக்குகளைப் பார்த்துக்கொள்ளும் விற்பனை வேலை கிடைக்கும். அங்கே ஞாயிறு விடுமுறை. நான் விலகச்சொன்னவர்களில் நன்றாக இருப்பவர்கள் பெரும்பாலும் அந்தப் பக்கம் போனவர்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். சரக்கிருப்பைத் தெரிந்தவர்கள் இந்தத் தொழிலில் மிகக் குறைவு. கடையில் விற்கத் தெரிந்த ஆயிரம் பேர் இருப்பார்கள். எந்தச் சரக்கு எப்போது தீரும், எது தேதி கடந்து குப்பைக்குப் போகும் என்று முன்கூட்டிச் சொல்லத் தெரிந்தவர் பத்துப் பேர்கூட இருக்க மாட்டார்கள். உங்களுக்குக் கடிதம் கொடுத்த அதே குழுமத்துக்கு ஒரு கிடங்கும், கொள்முதல் பிரிவும் இருக்கும். அங்கே சம்பளம் மேலாளர் பதவியைவிட நான்கைந்தாயிரம் குறைவாக இருக்கலாம், ஊக்கத்தொகையும் சிறியது. வேலை நேரம் பெரும்பாலும் ஒன்பதரை முதல் ஏழு. பண்டிகைக்கு முந்தைய மாதத்தில் மட்டும் நீளும். கைக்கு 41,000 வந்து மாதம் 230 மணி நேரம் என்றால், மணிக்கு 178 ரூபாய். கிளை மேலாளர் பதவிக்குச் சம்மதம் சொல்வதற்கு முன்னால், மனிதவளத் துறையை ஒருமுறை அழைத்து, ‘சார், இருப்புக் கட்டுப்பாட்டில் இடம் ஏதாவது இருக்கிறதா?’ என்று மட்டும் கேட்டுப் பாருங்கள். உங்களை எடுக்க முடிவு செய்துவிட்டவர்கள் அந்த ஒரு கேள்விக்காகக் கடிதத்தைத் திரும்பப் பெற மாட்டார்கள்.